கடைசி எழுத்துக்காரன் புலம்பல்

கொரோனாவால் 2020 மார்ச் 20 அன்று மொரீஷியஸ் முடங்கியது. சில நாளில் பேரங்காடிகளையும் மூடிவிட்டார்கள். ஏப்ரல் 2, வியாழக்கிழமை, திறந்தபோது குடும்பப் பெயரின் முதலெழுத்தைப் பார்த்து நாள் ஒதுக்கினார்கள். ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை திங்கள், வியாழன். எங்களுடையது ‘வி’. அதாவது புதன், சனி. பக்கத்து வீட்டு ‘ஏ’ மாமி முதல் நாளே பருப்பு மூட்டையோடு வந்து இறங்கினார். நான் சனிக்கிழமை எங்கள் ரோஸ் ஹில் நகரத்து வெயிலில் இரண்டு மணி நேரம் நின்று உள்ளே நுழைந்தால், பருப்பு அடுக்கில் தூசிதான் இருந்தது. அதைப் பார்க்கவும் அரை மணி நேரமே அனுமதி!

கப்பலேறி வந்த கொள்ளுத்தாத்தாவின் பெயர்தான் எங்களுக்குக் குடும்பப் பெயர். அவருக்கு அருணாசலம் என்று பெயர் வைத்திருக்கக் கூடாதா? இன்றும் என் மனைவி புதன்கிழமைதான் கடைக்கு அனுப்புகிறாள்.