திரும்பி வருகிறவர்களை நாம் மாறவே விடுவதில்லை

ரியாலிட்டி ஷோவில் ஒரு தடவை ஆடிவிட்டு மறுபடி உள்ளே வருகிறவர்களைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான், "முன்ன மாதிரி இல்ல, இப்ப நடிக்கிறாங்க." எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம், நீளமாகத்தான் போகும், பொறுமை இருக்கிறவர்கள் படியுங்கள்.

நாங்கள் இருப்பது நகரி. சித்தூர் மாவட்டம், ஆந்திரா, ஆனால் திருத்தணி கூப்பிடு தூரம். வீட்டுக்குள் தமிழ், கடைப் பலகையில் தெலுங்கு. அதனால் இங்கே பல வீடுகளில் விஜய் டிவியின் தமிழ் பிக் பாஸும் ஓடும், ஸ்டார் மாவின் தெலுங்கு பிக் பாஸும் ஓடும். ஒரே வீட்டில் பூட்டிவைத்து, ஓட்டு வாங்கி ஒவ்வொருவராக வெளியே அனுப்புகிற போட்டி அது. இரண்டுமே 2017இல் ஆரம்பித்தவை. இரண்டையும் பார்க்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சென்னையிலோ ஹைதராபாத்திலோ இருக்கிறவர்கள் ஒருவருடைய ஒரு முகத்தை மட்டும் பார்த்திருப்பார்கள், எங்களுக்கு இரண்டும் தெரியும்.

நடிகை பிந்து மாதவியைத்தான் சொல்கிறேன். அப்போது எங்கள் மாவட்டத்திலேயே இருந்த மதனப்பள்ளியில் பிறந்தவர் என்பதால் எங்கள் பக்கத்தில் அவர்மேல் கூடுதல் பாசம். 2017இல் தமிழ் பிக் பாஸ் முதல் சீசனில் வைல்டு கார்டாக, அதாவது போட்டி நடுவில், வந்தார். அமைதி என்றால் அப்படி ஒரு அமைதி. யாரோடும் பெரிய மோதல் இல்லை, இறுதிக்கட்டம் வரை இருந்தார், ஆனால் அந்த சீசனைப் பற்றிப் பேசும்போது ஓவியா, ஆரவ், சினேகன், ஜூலி என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் இவர் ஞாபகத்துக்கு வருவார். ஐந்து வருஷம் கழித்து, 2022இல், ஹாட்ஸ்டாரில் மட்டும் வந்த தெலுங்கு பிக் பாஸ் நான்ஸ்டாப்பில் அதே பெண் வாயைத் திறந்தார். யாரை வெளியே அனுப்பலாம் என்று போட்டியாளர்களே பெயர் சொல்கிற நாமினேஷன் அன்றைக்கு எதிரே யார் நின்றாலும் நேருக்கு நேர் பேசினார், விடவே இல்லை. என் மாமியார் போனில் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணா தமிழ்ல பேசாமடந்தையா இருந்துச்சு? இது வேற பொண்ணும்மா" என்றார். கடைசியில் அவர்தான் ஜெயித்தார், தெலுங்கு பிக் பாஸில் பட்டம் வாங்கிய முதல் பெண்.

அப்போது இங்கே நிறைய பேர், தமிழில் நடித்தார், தெலுங்கில் உண்மையாக இருந்தார் என்றார்கள். இல்லையென்றால் நேர்மாறாகச் சொன்னார்கள். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. இரண்டாவது மொழியில் நீங்கள் மரியாதையாகப் பேசலாம், வேலை வாங்கலாம், ஜோக்குக்குச் சிரிக்கலாம், ஆனால் சண்டை போட முடியாது. எல்லையில் வாழ்கிற எல்லோருக்கும் இது தெரியும். தெலுங்கு தண்ணி பட்ட பாடாகப் பேசுகிற எங்கள் ஊர்க்காரர்கள்கூட ஒரு சில்லறைத் தகராறு முற்றினால் தமிழுக்கு வந்துவிடுவார்கள், ஏனென்றால் கோபம் வருகிற வேகத்துக்கு வார்த்தை கூடவே வரவேண்டும். பிந்து மாதவிக்குத் தெலுங்குதான் தாய்மொழி. தமிழ் வீட்டில் அவர் ஒரு பதிலை மனதுக்குள் தயார் செய்து முடிப்பதற்குள் அந்தப் பேச்சே முடிந்து வேறு பேச்சு ஓடியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மொழி பாதிக் காரணம். தெலுங்கில் அவருக்குப் பழைய கணக்கு எதுவும் இல்லை என்பது மீதிக் காரணம். அந்த சீசனில் முன்பு ஆடியவர்களை வாரியர்ஸ் என்றும் புதியவர்களை சேலஞ்சர்ஸ் என்றும் பிரித்தார்கள். அவரைப் புதியவர்கள் பக்கம் நிறுத்தினார்கள். வாரியர்ஸ் பக்கம் இருந்தவர்களுக்கு அந்தச் சுதந்திரம் கிடைக்கவில்லை. அகில் சார்த்தக்கைப் பாருங்கள், நாலாவது சீசனில் இரண்டாம் இடம், இதிலும் இரண்டாம் இடம். அவர் என்ன பேசினாலும் "அப்ப இப்படிச் சொன்னீங்களே" என்று ஒரு கிளிப் தயாராக இருந்தது. வீட்டுக்குள் இருக்கிறவர்களும் அதைப் பார்த்தவர்கள், ஓட்டுப் போடுகிறவர்களும் பார்த்தவர்கள்.

நடிகை விஜயலட்சுமி கதையும் ஏறக்குறைய இதேதான். 2018இல் தமிழ் பிக் பாஸ் இரண்டாவது சீசனில் வைல்டு கார்டு, இறுதி வரை வந்தார், பட்டம் ரித்விகாவுக்குப் போனது. 2021இல் ஜான்ஸிபாரில் அர்ஜுன் நடத்திய, தீவில் தாக்குப்பிடிக்கிற போட்டியான சர்வைவர் தமிழில் அவரை ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பினார்கள், மூன்றாம் உலகம் என்று ஒரு தனித் தீவு, அங்கே கிடந்து, திரும்பி வந்து, ஒரு கோடி ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிக் பாஸ் வீட்டில் பார்த்த உறுதிதான், ஆனால் அங்கே அதைத் திமிர் என்றவர்கள் தீவில் அதையே தைரியம் என்றார்கள். இடம் மாறியதும் அதே குணத்துக்கு வேறு பெயர் கிடைத்துவிட்டது.

அதே வீட்டுக்கு, அதே ஜனங்கள் முன்னால் திரும்பி வருகிறவர்கள் பாடுதான் கஷ்டம். ஜூலியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் மெரினாவில் கோஷம் போட்டு எல்லோருக்கும் தெரியவந்த பெண், முதல் சீசனில் சொன்ன ஒரு பொய், வீட்டுக்குள் நடந்ததைப் போட்டுக் காட்டும் குறும்படத்தில் மாட்டியது. தப்புதான். ஆனால் அதற்கு அந்தப் பெண் வாங்கிய வசவு! கொலைக் குற்றவாளியைக்கூட நம் ஜனங்கள் அப்படித் திட்டிப் பார்த்ததில்லை. 2022இல் பழைய போட்டியாளர்களைச் சேர்த்து பிக் பாஸ் அல்டிமேட் நடத்தியபோது அவர் திரும்ப வந்தார். நிதானமாகப் பேசினார், பலர் போன பிறகும் தாக்குப்பிடித்தார். உடனே எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில், "இமேஜ் மாத்த வந்திருக்கு." அட, மாற்றட்டுமே! ஐந்து வருஷத்தில் ஒரு பெண் நிதானம் கற்றுக்கொள்ளக் கூடாதா? அதே சீசனில் பட்டம் வாங்கியவர் பாலாஜி முருகதாஸ், நாலாவது சீசனில் ஆரிக்கு அடுத்து வந்தவர். அவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் பலர் அங்கே நடந்ததைப் பார்த்துப் போட்டார்களா, முன்பு கிடைக்காதது இப்போதாவது கிடைக்கட்டும் என்று போட்டார்களா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

தெலுங்கில் கௌதம் கிருஷ்ணா. ஏழாவது சீசனில் வெளியேறியது போலக் காட்டி ரகசிய அறையில் வைத்திருந்து திருப்பி அனுப்பியபோது, அஸ்வத்தாமா திரும்பி வந்துவிட்டான் என்கிற மாதிரி ஒரு ஆவேசத்தில் வந்தார், அதைப் பிடித்துக்கொண்டு ட்ரோல் செய்து தள்ளிவிட்டார்கள். 2024இல் எட்டாவது சீசனுக்குப் பழைய ஆட்கள் எட்டுப் பேர் வைல்டு கார்டாக வந்தபோது அவரும் ஒருவர். வீட்டுக்குள் விளையாட்டாக அந்தப் பெயரைச் சொன்னதும் மனிதருக்கு முகமே மாறிவிட்டது. அத்தனை பேர் அவரை சென்சிட்டிவ் என்றார்கள். அவர் அந்த ஒரு வருஷம் போனைத் திறக்கும்போதெல்லாம் எதைப் பார்த்திருப்பார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகும் நின்று ஆடி இரண்டாம் இடம் வரை வந்தார், அதுவும் பாதியில் உள்ளே போய்!

நிஜமாகவே என்ன மாறுகிறது என்று கேட்டால், முதல் தடவை போகிறவருக்கு 24 மணி நேரத்தில் எந்த ஒரு மணி நேரம் வெளியே வரும் என்று தெரியாது. திரும்பி வருகிறவர் அதைத் தானே உட்கார்ந்து பார்த்தவர். எந்தச் சண்டை ப்ரோமோவாகும், சனிக்கிழமை தொகுப்பாளர் வந்து எதைக் கேட்பார், எந்த வார்த்தை மீமாகும், எல்லாம் தெரியும். அதனால் கோபப்பட்டால் வாரக்கடைசிக்குள் போய் மன்னிப்பும் கேட்டுவிடுகிறார்கள். சிலர் இதனால் சேஃப் கேமுக்குப் போய்விடுகிறார்கள், சிலர் போன தடவை எதற்குக் கைதட்டல் கிடைத்ததோ அதையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். இந்த இரண்டாவது வகைதான் எனக்குப் பார்க்கவே பிடிக்காது. தமிழ் பிக் பாஸுக்கு வந்த நடிகை வனிதா விஜயகுமார் வந்தாலே சண்டை வரும் என்று நாமே எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறோம், வந்தால் ஓவர் என்கிறோம், வராவிட்டால் போர் அடிக்கிறது என்கிறோம். அவர்கள் என்னதான் செய்வார்கள்?

அமெரிக்க சர்வைவரில் டோனி விளாக்கோஸ் என்று ஒருவர். 2014இல் ஓடி ஒளிந்து, ஒட்டுக்கேட்டு, அமர்க்களம் பண்ணி ஜெயித்தார். 2017இல் திரும்பி வந்தபோது ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் இரண்டாவது ஆளாகவே வெளியே அனுப்பிவிட்டார்கள். 2020இல் ஜெயித்தவர்களை மட்டும் வைத்து நடந்த நாற்பதாவது சீசனில் ஆரம்பத்தில் அடக்கி வாசித்து, பாதிக்கு மேல் பழைய டோனியை வெளியே எடுத்து மறுபடி ஜெயித்தார், 20 லட்சம் டாலர். அங்கே இதை வளர்ச்சி என்று பேசினார்கள். இங்கே என்றால் முதல் வாரமே "ஃபேக்" என்று ஹேஷ்டேக் போட்டிருப்போம்.

மாறாமல் வந்தவரும் உண்டு, கங்கவ்வா. யூடியூபில் கிராமத்து காமெடி வீடியோக்களில் பெயர் வாங்கிய பாட்டி, 2020இல் தெலுங்கு நாலாவது சீசனுக்கு வந்து, உடம்புக்கு முடியாமல் பாதியில் போனார். வீடு கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை, அதற்கு நிகழ்ச்சித் தொகுப்பாளர் நாகார்ஜுனா உதவி செய்தார். 2024இல் திரும்ப வந்தபோதும் அதே பேச்சு, அதே வெள்ளந்தி, இந்தத் தடவையும் உடம்பு ஒத்துழைக்காமல் கிளம்பிவிட்டார். அவரை யாரும் நடிக்கிறார் என்று சொல்லவில்லை, ஏனென்றால் நாம் எதிர்பார்த்தபடியே இருந்தார். இருபது, முப்பது வயசுப் பிள்ளைகளிடமும் போய் அதையே எதிர்பார்த்தால் எப்படி?

சேனல்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை பழைய ஆளைக் கூப்பிட்டால், உள்ளே அனுப்பும்போது அவருடைய பழைய அழுகையையும் பழைய சண்டையையும் வெட்டி ஒட்டிப் பின்னணி இசையோடு போடாதீர்கள். ஊர், பெயர், இந்த இடைவெளியில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை மட்டும் காட்டுங்கள். முதல் இரண்டு வாரத்துக்காவது வீட்டுக்குள் பழைய சீசன் பேச்சு எடுக்கக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள். வெளியே நடப்பதைப் பேசக் கூடாது என்று ஏற்கெனவே விதி வைத்திருக்கிறீர்கள் அல்லவா, இதையும் அதோடு சேர்த்துக்கொள்வதில் என்ன கஷ்டம்?