கால்குலேட்டர்ல முப்பதுதான் வருது!

(தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வொர்த். மசாலாக் கடை. 2025-இல் ஒரு வெள்ளிக்கிழமை, வாரச் சம்பளக் கவர் கைமாறிய பிறகு.)

முதலாளி: என்னம்மா, மறுபடியும் சம்பளத்தைக் கூட்டணுமா?

அக்கா: கூட்ட வேண்டாம் மாமா. மணிக்கு எவ்வளவு பேசினோம்?

முதலாளி: 30 ரேண்ட். சர்க்கார் மார்ச்சுல வச்சது 28 ரேண்ட் 79 சென்ட்தான். நான் அதுக்கு மேலேயே தர்றேன்.

அக்கா: வேலையில்லாக் காப்பீட்டுக்கு யூ.ஐ.எஃப்.-னு பிடிக்கிறதுக்கு முன்னாடி 1650-னு போட்டிருக்கு.

முதலாளி: 55 மணி நேரம் வேலை. (கால்குலேட்டரைத் தட்டி) வகுத்தா 30. பார்த்தியா!

(இந்தக் கால்குலேட்டர் ஊரில் பல முதலாளிகளிடம் இருக்கிறது. ஒரே ஒரு வகுத்தல்தான் தெரியும்.)

அக்கா: அதுல 45 மணிதான் சாதாரண வேலை. 4 மணி ஓவர்டைம், ஒன்றரை மடங்கு. ஞாயிறு 6 மணி. நான் ஞாயித்துக்கிழமை வழக்கமா வர்றவ இல்லை, அதனால ரெண்டு மடங்கு.

முதலாளி: எல்லாம் மணிதானேம்மா. ஞாயித்துக்கிழமைன்னா கடிகார முள் மெதுவாவா ஓடுது?

அக்கா: உங்க கடையில மெதுவாத்தான் ஓடுது. ஒரு மணி ரேட்டை எக்ஸ்னு வச்சுக்கங்க.

முதலாளி: எதுக்கு எக்ஸ்? அதான் முப்பதுன்னு சொல்றேனே!

அக்கா: நீங்க சொன்னது முப்பது. கொடுத்தது எவ்வளவுன்னு தெரியலையே, அதுக்குத்தான் எக்ஸ். சாதாரண வேலைக்கு 45 எக்ஸ், ஓவர்டைமுக்கு 6 எக்ஸ், ஞாயிறுக்கு 12 எக்ஸ். மொத்தம் 63 எக்ஸ். 1650-ஐ 63-ஆல வகுங்க.

முதலாளி: (தட்டுகிறார்) 26... புள்ளி 19. பேட்டரி போயிருச்சு போல. 55-ஆல வகுத்தா சரியா வருது பாரு, முப்பது!

அக்கா: சர்க்கார் ரேட்டுக்கே மணிக்கு 2 ரேண்ட் 60 சென்ட் குறையுது மாமா.

முதலாளி: தினம் ரெண்டு வேளை டீ, பிஸ்கட்டோட. அதைச் சேர்த்தியா?

அக்கா: சாப்பிடக் கொடுக்கிறதைக் குறைந்தபட்சக் கூலியில சேர்க்கக் கூடாதுன்னு சட்டத்துலேயே இருக்கு. சரி, உங்களுக்காகப் பிஸ்கட்டுக்கு ஒய். 63 முப்பது 1890. வாரத்துக்கு 240 ரேண்டுக்கு நான் பிஸ்கட் தின்னிருந்தா உங்க கணக்கு நேராயிரும்.

முதலாளி: குட் ஃப்ரைடேக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போக லீவு விட்டேனே?

அக்கா: அன்னைக்கு நாட்டுக்கே லீவு.

முதலாளி: வாய் நிறைய மாமாங்கிற. மாமாகிட்ட இப்படிக் கணக்குப் பார்க்கலாமா?

அக்கா: அண்ணன்னா அரை மணி ஓசி, மாமான்னா ஒரு மணி ஓசின்னு முதல்லேயே சொல்லியிருந்தா மிஸ்டர்னு கூப்பிட்டிருப்பேன். 1860-ல கரும்புக் காட்டுக்குக் கப்பலேறி வந்த நம்ம ஆளுங்களுக்கு மாசம் 10 ஷில்லிங். அதைக்கூட வெள்ளைக்காரன் ஒப்பந்தத்துல எழுதி வச்சான். உங்க பே ஸ்லிப்புல ரேட் இல்லை, ஓவர்டைம் மணி இல்லை. மொத்தம் 1650, மேலே ஒரு பிள்ளையார் படம்.

முதலாளி: பிள்ளையாரை இழுக்காதே. பிஸ்கட்ல ஒரு பாதியாவது...

அக்கா: பிஸ்கட்டை விடுங்க. போன ஞாயிறு மிளகாய் லாரிக்காரன் இரட்டை வாடகை கேட்டானே, மறுபேச்சில்லாம எடுத்துக் கொடுத்தீங்களே?

முதலாளி: என்ன பண்றது, மூட்டையை இறக்காம லாரியிலேயே உட்கார்ந்துட்டாம்மா!

அக்கா: (பாக்கெட் ஒட்டும் மிஷினை அணைத்துவிட்டு மிளகாய் மூட்டைமேல் உட்கார்ந்து) ஓ, அப்படித்தான் வாங்கணுமா?