முதலில் வாக்குப்பெட்டியை மூடுங்கள், பிறகு பிளேஆஃப் ஓட்டுங்கள்

ஆன்லைன் கூடைப்பந்து மேனேஜ்மென்ட் லீக் (ஆளுக்கு ஒரு டீமை ஜிஎம், அதாவது மேலாளராக நடத்த, ஆட்டங்களை மென்பொருளே ஓட்டும் விளையாட்டு) நடத்துகிற எல்லா குரூப்பிலும் சீசன் முடிவில் ஒரே கூத்து. ரெகுலர் சீசனில் 60 கேம் ஜெயித்த டீம் பிளேஆஃப் என்கிற நாக்-அவுட் கட்டத்தின் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டும். மறுநாள் காலை ஒருத்தர் "இவனுக்கா எம்விபி கொடுக்கப் போறீங்க?" என்று, சீசனின் மிகச் சிறந்த வீரருக்கான விருதைச் சொல்லி, பற்ற வைப்பார். மதியத்துக்குள் பத்து வாக்கு இடம் மாறியிருக்கும். 82 கேம் ஆடிச் சம்பாதித்த பெயரை ஆறே கேமில் பறிகொடுக்கிற அந்த வீரர் மட்டும் நிஜ மனிதராக இருந்தால், இன்னொரு வகைக் கோர்ட்டுக்குப் போயிருப்பார்.

என் நிலைப்பாடு இதுதான். எம்விபி தொடங்கி புதுமுக வீரர் வரை ரெகுலர் சீசன் விருதுகள் அத்தனைக்கும் வாக்கெடுப்பு, பிளேஆஃபின் முதல் நாள் சிம் (மென்பொருள் ஆட்டத்தை நடத்துவது) ஓடுவதற்கு முன்பே மூடப்பட வேண்டும். "முதல் ரவுண்டைப் பார்த்துட்டுப் போடுறேன்" என்பவர் வாக்கே போட வேண்டாம்.

அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ-வில் வாக்கு பிளேஆஃபுக்கு முன்பே முடிந்துவிடும். 2007-இல் டல்லாஸ் மேவரிக்ஸ் 67 கேம் ஜெயித்துவிட்டு, 8ஆம் இடத்தில் தொற்றிக்கொண்டு உள்ளே வந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸிடம் முதல் சுற்றில் 4-2 என்று தோற்றது. டல்லாஸின் டிர்க் நோவிட்ஸ்கி எம்விபி கோப்பையை வாங்கியதே வெளியேறிய பிறகுதான். பார்க்கச் சங்கடமாக இருந்திருக்கும், வாக்கில் ஒரு குறையும் இல்லை. 2016-இல் வாரியர்ஸ் 73 வெற்றி, 9 தோல்வி. அவர்களின் ஸ்டெஃபன் கரி ஒருமனதாக எம்விபி. இறுதிச் சுற்றில் 3-1 என்று முன்னால் இருந்தும் கிளீவ்லேண்டிடம் கோட்டைவிட்டார்கள். அதற்காகக் கோப்பையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

சிம் லீக்கில் இந்தக் கோட்டை இன்னும் கறாராகப் போட வேண்டியதற்குக் காரணம் கணக்கு. ஒரு டீம் எதிரியைவிடத் தெளிவாக மேல், ஒரு கேமில் ஜெயிக்க 60% வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு கேம் சீரிஸில் (முதலில் நான்கு கேம் ஜெயிப்பவர் மேலே போவார்) அது 71% ஆகிறது. ஐந்து கேமில் 68%, மூன்று கேமில் 65%. இப்போது நான்கு சுற்றிலும் அதே 71% என்றால், நான்கையும் தாண்டிக் கோப்பை தூக்க வாய்ப்பு சுமார் 25%. அதாவது எல்லா எதிரியையும்விட மேலான டீமே நாலு சீசனில் மூன்று சீசன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகும். ஒரு கேமில் 70% என்கிற அளவுக்கு அசுர டீமாக இருந்தாலும் கோப்பை வாய்ப்பு 58% தான். "சாஃப்ட்வேர்ல ஏதோ பக், எங்க டீமுக்கு மட்டும் இப்படி நடக்குது" என்று லீக்கை நடத்தும் கமிஷனரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் முதலில் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்கலாம்.

அதற்காக பிளேஆஃப் தோல்வி எல்லாமே பகடை என்று தள்ளிவிடுவதும் சோம்பேறித்தனம். நிறைய தோல்விக்குக் காரணம், யார் எந்த வரிசையில் ஆடுவார் என்ற டெப்த் சார்ட்டிலேயே பல்லிளிக்கும். ரெகுலர் சீசனில் பத்து பேர் ஆழமுள்ள டீம் ஜெயித்துக்கொண்டே இருக்கும். ஏனென்றால் காயம் வந்தால் தாங்கும், எதிரி டீமின் 9ஆவது ஆளைவிட நம் 9ஆவது ஆள் நன்றாக ஆடுவார். பிளேஆஃபில் நிலைமை வேறு. பாஸ்கெட்பால் ஜிஎம் மென்பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளேஆஃபில் வீரர்கள் மெதுவாகத்தான் களைப்பார்கள். அதனால் ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரான ஸ்டார்ட்டர்களின் நிமிடம் கூடும், மாற்று ஆட்களான பெஞ்சின் நிமிடம் குறையும். வீரர்களின் திறமைகள் ஒன்றுக்கொன்று பொருந்துவதான சினர்ஜியின் எடையும் அங்கே கூடுகிறது. பெயருக்குப் பக்கத்தில் வருகிற 3 (மூன்று புள்ளி ஷாட்), பி (பந்தைக் கையாளுதல்), பிஎஸ் (பாஸ்) மாதிரித் திறமைக் குறிகள் ஸ்டார்ட்டிங் ஐவரில் எப்படிச் சேர்கின்றன என்பது ஏப்ரலில்தான் உண்மையிலேயே கடிக்கும். பந்தைக் கையாளவும் பாஸ் கொடுக்கவும் குறியுள்ள ஒருத்தர்கூட இல்லாமல், மொத்த ரேட்டிங்கை மட்டும் பார்த்து ஐந்து பெரிய ஆட்களை நிறுத்திய டீம், தரப்பட்டியலில் மேலே இருந்தும் தடுமாறும். வீரர் மாற்றக் கெடுவான டெட்லைனுக்கு முன் இரண்டு நல்ல பெஞ்ச் ஆட்களைக் கொடுத்து ஒரு ஸ்டாரை வாங்கிய டீம் ரெகுலர் சீசனின் கடைசி மாதத்தில் லேசாகச் சறுக்கி, பிளேஆஃபில் எகிறும். அதை அதிர்ஷ்டம் என்று சொன்னால் அந்த ஜிஎம்முக்கு அநியாயம்.

இன்னொரு இடம் காயம். அதே மென்பொருளில் காயத்தோடு ஆடவைக்கிற ஸ்லைடர் ரெகுலர் சீசனுக்குத் தனி, பிளேஆஃபுக்குத் தனி. ரெகுலர் சீசன் ஸ்லைடரை மட்டும் பார்த்துவிட்டு மற்றதைத் தொடாமல் விடுகிறவர்கள் அதிகம். விளைவு: 90% திறனோடு ஆடியிருக்க வேண்டிய முதல் ஆட்டக்காரர் பெஞ்சில் கோட் சூட்டோடு உட்கார்ந்திருப்பார். அல்லது பாதித் திறனில் 36 நிமிடம் ஓடி டீமைக் கவிழ்ப்பார்.

கமிஷனர் பக்கமும் ஒரு தவறு வழக்கமாக நடக்கிறது. நான்கு கேமை ஒரே மூச்சில் சிம் செய்துவிடுவது. இரண்டாவது கேமில் கணுக்கால் போனால், மூன்றாவதும் நான்காவதும் மென்பொருளே ஆளைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டோ லைனப்பில் ஓடிவிடும். ஜிஎம் தூங்கி எழும்போது 3-1. இதற்கு வைத்தியம் எளிது. வீட்டு மைதானம் 2-2-1-1-1 என்று மாறுகிற அதே இடங்களில் சிம்மை நிறுத்துங்கள். முதல் இரண்டு கேம் ஒரு நாள், அடுத்த இரண்டு மறுநாள், அதன்பின் ஒவ்வொன்றும் தனித்தனி. இறுதிச் சுற்றை மட்டும் முதல் கேமிலிருந்தே தனித்தனியாக ஓட்டினால் இன்னும் நல்லது. லீக்கே கண் கொட்டாமல் பார்க்கிற வாரம் அது.

இனி வாக்குச்சீட்டு. மென்பொருள் தானாக ஒரு எம்விபியைத் தேர்ந்தெடுத்துவிடும் என்பதால் "வாக்கெடுப்பே எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அது ஒரு சூத்திரம் துப்புகிற பெயர். 30 பேர் சேர்ந்து ஆடுகிற லீக்கில் 30 பேர் வாதாடித் தேர்ந்தெடுத்தால்தான் விருதுக்கு மரியாதை. எதையும் திருத்த விடும் காட் மோடில் போய் விருதுப் பக்கத்தைத் திருத்த இரண்டு நிமிடம் ஆகாது.

புள்ளி முறைக்கு என்பிஏ எம்விபி கணக்கையே எடுக்கலாம்: முதலிடம் முதல் ஐந்தாமிடம் வரை 10, 7, 5, 3, 1. ஆனால் அது என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டு எடுங்கள். 1990-இல் சார்லஸ் பார்க்லிக்கு முதலிட வாக்கு 38, மேஜிக் ஜான்சனுக்கு 27. மொத்தப் புள்ளியில் மேஜிக் 636, பார்க்லி 614. கோப்பை மேஜிக்குக்கு. பலருக்கு இரண்டாம் மூன்றாம் இடத்திலாவது பிடித்தவர், சிலருக்கு மட்டும் தலையில் வைத்துக் கொண்டாடத் தோன்றுபவரை இந்த முறையில் முந்திவிடுவார். எனக்கு அது சரியாகவே படுகிறது. படாதவர்கள் சீசன் தொடங்கும் முன் சொல்ல வேண்டும், எண்ணி முடித்த பிறகு அல்ல.

சொந்த வீரருக்கு வாக்கு கிடையாது என்ற விதி பல லீக்கில் இருக்கும். அதில் ஓட்டை இருக்கிறது. தன் ஆளுக்குப் போட முடியாத ஜிஎம், போட்டியில் இருக்கிற மற்ற ஆளைச் சீட்டிலிருந்தே தூக்கிவிடலாம். ஐந்து பெயர் சீட்டில் ஒருவரை விட்டுவிட்டால் 10 புள்ளிவரை போகும். 20, 25 பேர் வாக்களிக்கிற லீக்கில் முதல் இருவருக்கும் இடைவெளி அதைவிடக் குறைவாக இருப்பது சகஜம். மருந்து இரண்டு. எல்லாச் சீட்டையும் பெயரோடு வெளியிடுவது ஒன்று. வெட்கம் பாதி வேலையைச் செய்துவிடும். ஒவ்வொரு வீரரின் புள்ளியையும், அவருக்குப் போடத் தகுதியுள்ள சீட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி எடுப்பது மற்றொன்று. சொந்த ஜிஎம் சீட்டே அனுப்பாத வீரரும், அனுப்பியவரும் அப்போதுதான் ஒரே தராசில் நிற்பார்கள்.

சரி, யாருக்குப் போடுவது? சராசரிப் புள்ளிப் பட்டியலை இறங்குவரிசையில் வைத்து மேலே இருப்பவருக்கு டிக் அடிப்பதுதான் நம் வழக்கம். ஒரு உதாரணம். முதல் ஆட்டக்காரர் கேமுக்கு 31.4 புள்ளி, அதற்கு 25 ஷாட், 6 ஃப்ரீ த்ரோ. இரண்டாமவர் 24.8 புள்ளி, 16 ஷாட், 7 ஃப்ரீ த்ரோ. அடிக்கும் திறனை அளக்கும் ட்ரூ ஷூட்டிங் கணக்கில் ஃப்ரீ த்ரோவை 0.44 ஆல் பெருக்கி ஷாட்டோடு கூட்டி, புள்ளியை அந்தக் கூட்டின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். முதலாமவர் 27.6 வாய்ப்பு எடுத்து 56.8%. இரண்டாமவர் 19.1 வாய்ப்பில் 65%. இந்த இடைவெளியைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். முதலாமவர் கூடுதலாக எடுத்த எட்டரை வாய்ப்பில் கூடுதலாக வந்தது 6.6 புள்ளி. அந்த எட்டரை வாய்ப்பை டீமில் மற்றவர்கள் சாதாரணமாக 55% திறனில் அடித்திருந்தாலே 9.4 புள்ளி வந்திருக்கும். அதற்காக இரண்டாமவரை 27 வாய்ப்பு எடுக்க வைத்தால் அதே 65% நிற்காது என்பதும் உண்மை. ஷாட் கூடக் கூடத் திறன் சரியும். ஆக இதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பு எழுத முடியாது. குறைந்தபட்சம் "31 புள்ளி அடிச்சாருப்பா!" என்ற ஒற்றை வரி வாதம் செத்துவிடும்.

வேகமும் ஏமாற்றும். கேமுக்கு 106 பொசஷன் (பந்து கைக்கு வந்து தாக்கும் முறை) ஓடுகிற டீமில் 27 புள்ளி என்பது 100 பொசஷனுக்கு 25.5. 94 பொசஷன் டீமில் 25 புள்ளி என்பது 26.6. பட்டியலில் பின்னால் இருப்பவர்தான் உண்மையில் முன்னால்.

விருதுக்குக் குறைந்தது 65 கேம் ஆடியிருக்க வேண்டும் என்ற விதி பற்றியும் சொல்லிவிடுகிறேன். என்பிஏ 2023-24 முதல் அதை வைத்தது, ஸ்டார்கள் ஓய்வு என்று கேமைத் தவிர்ப்பதைத் தடுக்க. சிம்மில் வீரர் தானாக ஓய்வெடுப்பதில்லை, காயம் பகடையில் வருகிறது. இங்கே அதை அப்படியே கொண்டுவந்து வைப்பது எனக்கு உடன்பாடில்லை. வீரரின் பங்களிப்பை அளக்கும் வின் ஷேர்ஸ், விஓஆர்பி போன்றவை ஏற்கெனவே மொத்தக் கணக்கு. 60 கேம் ஆடினால் அவை தானாகவே குறையும். அதற்கு மேல் தகுதிக் கோடும் போட்டால் ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை. ஆட்டத் திறனை ஒரே எண்ணாகச் சொல்லும் பிஇஆர் மட்டும் பார்த்து வாக்களிக்கிற குரூப் என்றால் கோடு வேண்டும். பிஇஆர் நிமிடக் கணக்கில் வருவது, 30 கேம் ஆடியவரும் அதில் தலையை நீட்டுவார்.

இரண்டு இடத்தில் கண் ஏமாறும். நடுவில் ட்ரேட் ஆன வீரருக்கு டீம்வாரியாக இரண்டு வரி வரும். மொத்த வரியைப் பார்க்காமல் மேய்ந்தால் ஆளே காணாமல் போவார். புள்ளிவிவரப் பக்கத்தில் ரெகுலர் சீசன், பிளேஆஃப், இரண்டும் சேர்ந்தது என்று மூன்று தெரிவு உண்டு. பிளேஆஃப் தொடங்கிய பிறகு வாக்கு திறந்திருந்தால், சேர்ந்த கணக்கைப் பார்த்து யாராவது நிச்சயம் போடுவார். கடைசி ரெகுலர் சீசன் நாள் முடிந்ததும் லீக் ஃபைலை ஒரு நகல் எடுத்து, அந்த நகலிலிருந்து வேட்பாளர் பட்டியலைக் கமிஷனர் பகிர வேண்டும். 48 மணி நேரம் அவகாசம். அவ்வளவுதான்.

மற்ற விருதுகளில் எரிச்சல் தருவது தற்காப்பு வீரர். ஸ்டீலையும் பிளாக்கையும் கூட்டிப்போட்டு வாக்களிக்கிறார்கள். வீரரின் டிஃபென்சிவ் ரேட்டிங் (100 பொசஷனுக்கு எதிரிக்கு விட்ட புள்ளி) டீம் கணக்கிலிருந்து பிரித்து வருவது. நல்ல தற்காப்பு டீமில் இருக்கிற சுமார் ஆளும் அதில் பளபளப்பார். அவர் களத்தில் இருக்கும்போதும் இல்லாதபோதும் எதிரி 100 பொசஷனுக்கு எத்தனை அடித்தார் என்பதைப் பாருங்கள். ஆறாவது ஆட்டக்காரர் விருதுக்கு ஸ்டார்ட் செய்ததைவிடப் பெஞ்சிலிருந்து வந்த கேம் அதிகம் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டாவது சிறந்த வீரரை வேண்டுமென்றே பெஞ்சில் உட்கார வைத்து விருது அடிக்கிற தந்திரசாலிகளை எனக்குப் பிடிக்கும், தடை செய்ய மாட்டேன். முன்னேற்ற விருது இரண்டாம் வருட வீரருக்குப் போவதை மட்டும் நிறுத்தலாம். 20 வயதில் ரேட்டிங் ஏறுவது வயதின் வேலை.

பிளேஆஃபுக்கென்று ஒரு விருது இருக்கிறதே, இறுதிச் சுற்று எம்விபி. பிளேஆஃபில் பார்த்ததையெல்லாம் அங்கே கொட்டுங்கள். அங்கேயும் சராசரிப் புள்ளி மட்டும் போதாது. நாலைந்து கேமில் ஒரே ஒரு 48 புள்ளி ஆட்டம் சராசரியைத் தூக்கிவிடும், அந்தக் கேமில் டீம் தோற்றுமிருக்கலாம். ஜெயித்த நான்கு கேமின் புள்ளிவிவரத் தாளான பாக்ஸ் ஸ்கோரைத் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். 2015-இல் அந்த ரெகுலர் சீசன் முழுக்க ஒரு கேம்கூட ஸ்டார்ட் செய்யாத வாரியர்ஸ் வீரர் ஆண்ட்ரே இகுடாலா அதை வாங்கினார். 11 வாக்கில் 7 அவருக்கு, மீதி 4 தோற்ற டீமின் லெப்ரான் ஜேம்ஸுக்கு. தோற்ற டீமிலிருந்து அதை வாங்கிய ஒரே ஆள் 1969-இல் ஜெர்ரி வெஸ்ட். சீட்டில் தோற்ற டீம் வீரரின் பெயரையும் அனுமதியுங்கள், அரிதாக ஒருமுறை தேவைப்படும்.

முடிவை எப்போது அறிவிப்பது என்பதில் மட்டும் எனக்குப் பிடிவாதம் இல்லை. பிளேஆஃபுக்கு முன்பே அறிவித்தால் விறுவிறுப்பு போய்விடும் என்பவர்கள், எண்ணிய தாளைக் கமிஷனரிடமும் பிளேஆஃபில் இல்லாத ஒரு ஜிஎம்மிடமும் கொடுத்து, அரையிறுதி முடிந்ததும் திறக்கலாம். நடுவில் எம்விபியின் டீம் 4-0 என்று துடைத்தெறியப்பட்டாலும் அந்தத் தாளில் ஒரு எழுத்து மாறக்கூடாது.