அண்ணி, நீங்கள் அப்போது சரியாகச் சாப்பிடவில்லைதானே?

போன மாதம் வெள்ளவத்தையில் உறவினர் வீட்டுப் பூப்புனித நீராட்டு விழா. பந்தியில் அம்மாவுக்கு எதிரே அத்தை உட்கார்ந்திருந்தார். சாம்பாரில் உப்புக் குறைவு என்று சொன்ன அதே குரலில் அடுத்ததாக இதையும் சொன்னார்: “அண்ணி, பெரியவன் வயிற்றில் இருந்தபோது நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லைதானே? அதனால்தான் அவனுக்கு இந்த நோய் வந்ததாம். யூடியூப்பில் ஒரு டாக்டர் விளக்கமாகச் சொல்கிறார்.”

அம்மா பதில் சொல்லவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். பாயசம் அப்போதுதான் எங்கள் வரிசைக்கு வந்துகொண்டிருந்தது. எழுபதைக் கடந்த அம்மாவுக்குப் பாயசம் என்றால் உயிர்.

அண்ணனுக்கு 1994இல், இருபது வயதில், மனச்சிதைவு நோய் தொடங்கியது. உயர்தரப் பரீட்சையை இன்னொரு முறை எழுதத் தயாராகிக்கொண்டிருந்தவர், வானொலிச் செய்தியில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று சொல்லத் தொடங்கினார். அன்றும் பழி அம்மாமீதுதான் விழுந்தது. கிரகணத்தன்று முற்றத்துக்குப் போனாளாம். குலதெய்வத்துக்கு வைத்த நேர்த்தியை மறந்தாளாம். முன்னேஸ்வரம், மாத்தளை என்று கோயில் கோயிலாக அலைந்தோம். “அங்கொடைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்” என்று வாசலில் நின்று சொன்னவர்களும் உண்டு. கொழும்பில் அங்கொடை என்பது ஓர் ஊரின் பெயர் என்பதே பலருக்கு மறந்துவிட்டது. அங்குள்ள வைத்தியசாலைக்குத் தேசிய மனநல நிறுவகம் என்று 2008இல் பெயர் மாற்றினார்கள். வசைச்சொல் மட்டும் அப்படியே இருக்கிறது.

உளமருத்துவமே ஒரு காலத்தில் இதே வேலையைச் செய்திருக்கிறது. ‘மனச்சிதைவை உண்டாக்கும் தாய்’ என்ற சொல்லை 1948இல் பிரீடா பிரொம்-ரைக்மன் என்ற பெண் மருத்துவரே எழுதினார். பிள்ளையிடம் சரியாக அன்பு காட்டாத தாயால்தான் நோய் வருகிறது என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். பிறகு அதைக் கைவிட்டார்கள். எத்தனை தாய்மாரிடம் போய் மன்னிப்புக் கேட்டார்களோ தெரியாது. கிரகணம் போய் அன்பு வந்தது, அன்பு போய் இப்போது கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் போலிக் அமிலம் என்ற விற்றமின் வந்திருக்கிறது.

அத்தையின் டாக்டர் சொன்னது முழுப் பொய் என்றால் எனக்கு வேலை எளிது. பொய் இல்லை என்பதுதான் சிக்கல். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஒரு கம்பனியில் கணக்கெழுதுகிறேன். ஆனால் எண்களை வாசிக்கத் தெரியும். அதனால் அந்த ஆய்வுகளைத் தேடி வாசித்தேன்.

நெதர்லாந்தில் 1944 செப்டெம்பரில் ரயில் ஊழியர்கள் நாட்டைப் பிடித்திருந்த ஜேர்மன் படைக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிலுக்கு ஜேர்மனியர்கள் நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு போவதைத் தடுத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஒருவருக்கான பங்கீடு நாளொன்றுக்கு 1000 கலோரிக்குக் கீழே இறங்கியது. மிக மோசமான வாரங்களில் அதிலும் பாதி. மக்கள் டியூலிப் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். 1945 மே மாதம் விடுதலை வந்தது, உணவும் வந்தது. பஞ்சம் தொடங்கிய நாளும் முடிந்த நாளும் தெரியும். பிறப்புப் பதிவுகளும் ஒழுங்காக இருந்தன. எஸ்ரா சசர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் தொண்ணூறுகளில் அந்தப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். பஞ்சத்தின் உச்சத்தில் கருவானவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சிதைவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சீனாவில் 1959 முதல் 1961 வரை நடந்த பெரும் பஞ்சத்திலும் இதையே கண்டார்கள். அன்ஹுய் மாகாணத்தின் வூஹு பகுதியில், பஞ்சம் கடுமையாவதற்கு முன் கருவாகி 1959இல் பிறந்தவர்களில் 0.84 சதவீதத்தினருக்கு இந்த நோய் வந்தது. 1960இல் பிறந்தவர்களில் அது 2.15 சதவீதம்.

இங்கேதான் கணக்குக்காரிக்குக் கோபம் வருகிறது. யூடியூப் டாக்டர் ‘இரண்டு மடங்கு’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். 2.15 சதவீதம் என்றால், ஊரே செத்துக்கொண்டிருந்த ஆண்டில் பிறந்த நூறு பேரில் ஏறக்குறைய 98 பேருக்கு இந்த நோய் வரவே இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கும் இது வருகிறது. பரம்பரை இருக்கிறது, பிரசவச் சிக்கல் இருக்கிறது, இளவயதுக் கஞ்சா இருக்கிறது. ஆயிரம் பேரைப் பற்றிச் சொல்லும் எண்ணை எடுத்து ஒரு தாயின் இலையில் பரிமாற முடியாது. என் அண்ணனுக்கு ஏன் வந்தது என்று உலகத்தில் எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று: அந்த நெதர்லாந்துப் பெண்கள் உணவுக்கட்டுப்பாடு இருந்து மெலிந்தவர்கள் இல்லை. ஓர் இராணுவம் சாப்பாட்டை மறித்தது. சீனாவில் அரசின் கொள்கை விளைச்சலைப் பறித்தது. ஆய்வு எழுதியவர்கள் யாரும் தாயைக் குற்றம் சொல்லவில்லை. அந்த வேலையை நாம்தான் எடுத்துக்கொண்டோம்.

சரி, அம்மா உண்மையில் அன்று என்னதான் சாப்பிட்டார்?

அண்ணன் பிறந்தது 1974 ஓகஸ்டில். அப்படியென்றால் கருவானது 1973இன் கடைசியில். உலகச் சந்தையில் கோதுமை விலையும் எண்ணெய் விலையும் ஏறி, இங்கே பங்கீட்டு அரிசியைக் குறைத்த காலம். ஜிந்துப்பிட்டியில் இரண்டு அறை வீடு, எட்டுப் பேர். விடிய நான்கு மணிக்குப் பாண் வரிசையில் போய் நிற்பது புது மருமகளின் வேலை. மசக்கையில் வாந்தி வந்தால் ஓரமாகப் போய் எடுத்துவிட்டுத் திரும்பி வருவாராம். முன்னால் நின்ற முஸ்லிம் அம்மா ஒருவர் இடத்தைப் பிடித்து வைப்பாராம். இன்றைக்கும் அவரைப் பற்றி அம்மா பேசுவதுண்டு. வாங்கி வந்த பாணில் முதல் பங்கு தாத்தாவுக்கு. பிறகு அப்பா, சித்தப்பாமார், பிள்ளைகள். கடைசியில் பானையில் இருந்த மரவள்ளிக் கிழங்கு அம்மாவுக்கு.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் இறக்குமதித் தடையால் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டவர்கள் கல்வீடு கட்டினார்கள். மலையகத் தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்தார்கள். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அம்மாவின் அப்பா ஒருமுறை வந்து இரண்டு நாள் இருந்தாராம். திரும்பும்போது தன் பங்குக் கோதுமை மாவை அம்மா சேலைத்துண்டில் முடிந்து கொடுத்தார். அதன் பிறகு அந்த வாரம் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால், “தேத்தண்ணீர்” என்கிறார்.

அந்த எட்டுப் பேரில் ஒருத்திதான் அத்தை. அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது. அண்ணிக்கு முன்னால் சாப்பிட்டவர்களில் ஒருவர். அவரை நான் குற்றம் சொல்லவில்லை. வளரும் பிள்ளை, அவருக்கும் பசித்திருக்கும். ஆனால் அண்ணி ஏன் சாப்பிடவில்லை என்று கேட்க அந்த வீட்டில் யாருக்கும் உரிமை கிடையாது.

கருவில் இருக்கும் மாதங்களோடு இது முடிவதுமில்லை. பார்படோஸ் தீவில், முதல் வயதில் கடுமையான போசாக்கின்மைக்கு ஆளான குழந்தைகளை ஜனினா காலர் என்பவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தார். பிறகு நல்ல சாப்பாடு கிடைத்தது, உடம்பும் தேறியது. ஆனால் கவனக்குறைவும் மனச்சோர்வும் மற்றவர்களைவிட அவர்களிடம் கூடுதலாக இருந்தன. கரும்புத் தோட்டத் தீவின் கதையை வாசிக்கும்போது எனக்குத் தேயிலைத் தோட்டம்தான் கண்ணில் வந்தது. இலங்கையில் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நுவரெலியா மாவட்டத்தில் 32 சதவீதம்.

2022இல் என்ன நடந்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்த செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலை முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 95 சதவீதம் கூடியிருந்தது. எங்கள் தொடர்மாடியில் கர்ப்பிணியாக இருந்த ஒரு பெண், முட்டை வாங்கினால் மூத்த பிள்ளைக்கு மட்டும் அவிப்பார். கிளினிக்கில் கொடுத்த திரிபோஷா என்ற சத்துமாவைச் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடித்து வீட்டில் எல்லோருக்கும் பங்கிட்டார். மிட்வைஃப் வந்து, “இது உனக்கு மட்டும்” என்று திட்டினார். அவர் திட்டியதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பசித்த பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க ஒரு தாய் தனியாக உருண்டை தின்பாளா? ஒருவருக்கான பொதி, நான்கு வயிறு. அன்று வயிற்றில் இருந்த குழந்தைக்கு இருபது வயது ஆகும்போது வருடம் 2043. அப்போது எந்த அமைச்சர் பதில் சொல்வார்?

தாய்மாருக்குப் பாடம் எடுக்காமலே செய்யக்கூடியவை இருக்கின்றன. 1995இல் இலங்கையில் உப்புக்கு அயடீன் சேர்ப்பதைச் சட்டமாக்கினார்கள். அயடீன் குறைந்தால் கருவின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். அம்மா எதையும் புதிதாகக் கற்கவில்லை; வழக்கம்போல் கறிக்கு உப்புப் போட்டார். போலிக் அமிலத்தின் கதை கடினமானது. பின்னால் மூளையாகவும் முதுகுநாணாகவும் வளரும் நரம்புக்குழாய், கருவாகி ஏறக்குறைய 28 நாட்களில் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போனது அப்போதுதான் தெரியவரும். ஆகவே கல்யாணம் ஆனவுடனே மாத்திரை கையில் இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் பிரட்டுகிறது என்று பலர் குப்பையில் போடுகிறார்கள். சோறு சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கிறோம். சாப்பாட்டில் உள்ள இரும்பைத் தேயிலை உடம்பில் சரியாகச் சேரவிடுவதில்லை. இதையெல்லாம் மாமியாரும் கணவனும் அறிய வேண்டும். கிளினிக்கில் சொல்வதோ கர்ப்பிணியிடம் மட்டும்.

விழாவிலிருந்து திரும்பும்போது முச்சக்கரவண்டியில் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அன்றைக்கு அந்த மாவைக் கொடுத்திருக்கக் கூடாதோ?” ஐம்பது ஆண்டுகள் கழித்து, தன் அப்பாவுக்குக் கொடுத்த ஒரு முடிச்சு மாவுக்குக் கணக்குப் பார்க்கிறார். ஆர்மர் வீதிச் சந்தி வரை எனக்குப் பேச்சு வரவில்லை.

அண்ணன் நன்றாகத்தான் இருக்கிறார். மாதம் ஒருமுறை கிளினிக், ஊசி, இரவில் இரண்டு மாத்திரை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் குறுக்கெழுத்தை அவர் முடிக்கும்வரை யாரும் தொடக் கூடாது. அன்று வீட்டுக்கு வந்ததும், பாயசம் கொண்டுவரவில்லையா என்று கேட்டார். மறுநாள் நானே சவ்வரிசி வாங்கிக் காய்ச்சினேன். அம்மா இரண்டு கிண்ணம் குடித்தார்.

அத்தை என் நண்பர் பட்டியலில் இருக்கிறார். என் பதிவுகளுக்கு வழக்கமாக முதல் விருப்பக்குறி அவருடையதுதான். பார்ப்போம்.