கொட்டாரத்தின் நிலைப்படிகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கத்தில் வசிக்கும் எங்களுக்கு, திருவிதாங்கூர் மன்னர்களின் பத்மநாபபுரம் அரண்மனை இன்றும், மலையாளத்தில் சொல்வதுபோல, கொட்டாரம்தான். 1956 நவம்பர் 1 அன்று கல்குளம் தாலுகா தமிழ்நாட்டுடன் இணைந்த பிறகும் அது கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பிலேயே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு அங்கே வழி செய்வது பற்றிப் பேசினால், "எந்த அரசிடம் கேட்பது?" என்று சிலர் தொடங்கிவிடுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மத்தியச் சட்டம். மாநில எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அது ஒன்றுதான். அணுகல்தன்மைக்கான விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் கூறிவிட்டது.

போலியோவால் நடக்க இயலாத என் அத்தையை ஒருமுறை வேறொரு பழைய கட்டடத்தில் நாற்காலியோடு தூக்கிச் செல்ல ஆட்கள் முன்வந்தார்கள். "நாலு பேரு தூக்கதுக்கு இன்னும் காலம் கெடக்கு மக்களே" என்று சொல்லி அத்தை வெளியிலேயே இருந்துவிட்டார். தூக்கிவிட ஆள் இருப்பதை வசதி என்று கணக்கெழுதுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சிக்கல்கள் உண்மையானவை. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அரையடி நிலைப்படிக்கே இருபுறமும் ஆறாறு அடி போனால், சிறிய அறையில் மிச்சமிருப்பது என்ன? ஆகவே எல்லா வாசலிலும் சாய்தளம் என்பது நடவாது. முற்றங்கள் வழியே நிலைப்படி குறைந்த பாதை ஒன்றைத் தேர்ந்து, ஆணியடிக்காமல் வைத்து எடுக்கக்கூடிய மரச் சாய்தளங்களை அமைக்கலாம். தாய்க் கொட்டாரம் தொடங்கி மார்த்தாண்ட வர்மா காலத்து உப்பரிகை மாளிகை வரை, தலைமுறைதோறும் சேர்த்துச் சேர்த்துக் கட்டிய அரண்மனைக்கு, எடுத்துவிடக்கூடிய நாலு பலகையால் பாரம்பரியம் கெட்டுவிடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மன்னர் ஆலோசனை நடத்திய மேல்தளத்து மந்திரசாலைக்கு லிஃப்ட் கேட்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஏதென்ஸின் அக்ரோபோலிஸில் 2020இல் லிஃப்ட் வைத்தார்களே என்கிறார்கள். அது பாறைச் சரிவில் வைத்தது, இங்கே மரத்தளத்தை அறுக்க வேண்டும். அதற்குப் பதிலாக, பார்வையற்றவர்களும் தடவி அறியும்படி மந்திரசாலையின் மர மாதிரி ஒன்றைக் கீழே வைக்கலாம். இந்த வட்டாரத்தில் தச்சர்களுக்கா பஞ்சம்?

தரைதான் எனக்கு இன்னும் பிடிபடாத விஷயம். சிரட்டைக் கரியும் முட்டை வெண்கருவும் சேர்த்து மெருகேற்றியதாகச் சொல்லப்படும் கருந்தரை அது. மணல் ஒட்டிய சக்கரம் கீறிவிடும். வாசலில் வேறு நாற்காலிக்கு மாறச் சொல்லலாம் என்றேன். "செருப்பைக் கழத்துக மாதிரியா இது?" என்றார் அத்தை. உடம்புக்கு ஏற்ப அமைந்த நாற்காலியை விட்டு இறங்குவது அவருக்கு எளிதல்ல. சக்கரத்தைத் துடைத்துத் துணியுறை மாட்டுவது சரிப்படும் என்று தோன்றுகிறது. வீட்டுத் தரையில் அவரே அதைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்.