ஏரியைச் சுத்தம் செய்ய டெண்டர் விடாதீர்கள், சுத்தமாக வைத்திருக்க விடுங்கள்

"ஏரியில் வெங்காயத்தாமரையை 98 சதவீதம் அகற்றியாச்சு" என்று செய்தி வரும்போதெல்லாம் வயிறு எரிகிறது. 100 ஏக்கர் ஏரி, மிச்சம் 2 ஏக்கரில் செடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாக்கடை கலந்து வெயிலில் காயும் தண்ணீரில் வெங்காயத்தாமரை இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். 2, 4, 8, 16, 32, 64... பன்னிரண்டாவது வாரம் ஏரி மறுபடி பச்சைப் பாய். செலவழித்த லட்சங்களுக்கு ஆயுள் மூன்று மாதம்.

இதை ஆகாயத்தாமரை என்றுதான் பெரும்பாலும் சொல்கிறோம். சித்த மருத்துவத்தில் அந்தப் பெயர் முட்டைக்கோசு மாதிரி மிதக்கும் வேறொரு செடிக்கு உரியது. நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் வெங்காயத்தாமரையை அமலைச் செடி என்பார்கள். இலைக்காம்பு உருண்டு திரண்டு வெங்காயம் போல இருக்கும். அதை நறுக்கிப் பார்த்தால் உள்ளே முழுக்கக் காற்றறைகள்; அதனால்தான் மிதக்கிறது. அமேசான் படுகையைச் சேர்ந்தது. ஊதாப் பூவின் அழகுக்காக 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்குக் கொண்டுவந்தார்கள். தாய்ச்செடி பக்கவாட்டில் ஒரு கொடியை நீட்டும், அதன் நுனியில் குட்டிச்செடி. இது போதாதென்று விதையும் உண்டு. பூ வாடியதும் காம்பு வளைந்து தண்ணீருக்குள் போய் விதையை உதிர்க்கும். அது சேற்றில் 15, 20 வருடம்கூட உயிரோடு கிடக்கும்.

இப்படிப்பட்ட செடிக்கு, எத்தனை டன் அள்ளினாய், எத்தனை ஏக்கர் அள்ளினாய் என்று பார்த்துப் பணம் கொடுப்பது முறையே இல்லை. அள்ளி முடித்ததும் பாதிக்குக் குறைவாகக் கொடுங்கள். மீதியை மூன்று வருடத்துக்குப் பிரித்து, மாதாமாதம் ஏரியைப் பார்த்து, செடி இல்லாவிட்டால் மட்டும் கொடுங்கள். அப்போதுதான் அந்தக் கடைசி 2 ஏக்கருக்கும் ஆள் இறங்கும்.

அள்ளுவதிலும் பக்குவம் வேண்டும். ஏரிகள் சங்கிலியாக இருக்கும் ஊரில் கீழ் ஏரியில் தொடங்குவது வீண்வேலை. மேல் ஏரி நிரம்பி, உபரிநீர் போகும் கலுங்கு வழிந்தால் செடி தானாக மிதந்து வந்துவிடும். மேலிருந்து தொடங்குங்கள். வரத்துக்கால்வாய் ஏரியைத் தொடும் இடத்தில் காலி டிரம்களைக் கயிற்றில் கோத்து, அடியில் வலை தொங்கவிட்டு மிதவைத் தடுப்புப் போடுங்கள். ஏரிக்குள்ளும் அதே தடுப்பால் பாத்தி பிரித்து, ஒரு பாத்தியை முழுக்க முடித்தபிறகு அடுத்ததற்குப் போங்கள். தடுப்பு இல்லாவிட்டால் காலையில் அள்ளிய இடத்தைச் சாயங்காலக் காற்று மூடிவிடும்.

ஜேசிபியின் சாதாரண வாளி சேற்றையும் தண்ணீரையும் சேர்த்தே அள்ளும். பல் வைத்த, தண்ணீர் வடியும் வாளி வேண்டும். தண்ணீரிலேயே செடியை நறுக்கி விட்டுவிடும் எந்திரத்தை மட்டும் கிட்டவே சேர்க்காதீர்கள். குருத்தோடு பிய்ந்த துண்டு ஒவ்வொன்றும் தனிச்செடியாகும். மற்றதெல்லாம் அழுகி, பிராணவாயுவை உறிஞ்சி, மீனைக் கொல்லும். களைக்கொல்லி அடித்து அப்படியே மூழ்க விட்டாலும் இதே கதிதான்.

எடையையும் யோசிக்க வேண்டும். அடர்ந்த பாய் ஒரு ஹெக்டேருக்கு 200 முதல் 400 டன் வரை இருக்கும். அதில் ஏறத்தாழ 95 சதவீதம் தண்ணீர். அள்ளிய கையோடு லாரியில் ஏற்றினால் தண்ணீரைத்தான் டீசல் போட்டுச் சுமக்கிறோம். நாலைந்து நாள் கரையில் வடியவிட்டு ஏற்றுங்கள். ஆனால் கரையின் உட்சரிவில் குவிக்காதீர்கள், முதல் மழையிலேயே ஏரிக்குத் திரும்பிவிடும். கரைக்கு வெளிப்புறம்தான் சரி. சாணத்தோடு சேர்த்து உரமாக்கலாம், பூக்காத செடியாக இருந்தால். பூத்ததை உரமாக்கினால், குவியல் நன்றாகச் சூடேறாதபோது விதை தப்பித்து வயலுக்குப் போகும். தொழிற்சாலைக் கழிவு இறங்கும் ஏரியின் செடி ஈயம், காட்மியம் மாதிரியான உலோகங்களை இழுத்து வைத்திருக்கும். அதைக் காய்கறித் தோட்டத்துப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

செடியைத் தின்னும் வண்டை விடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தென்னமெரிக்காவிலிருந்து வந்த, 5 மில்லிமீட்டர் அளவுள்ள கூன்வண்டு 1980-களிலிருந்தே இந்தியாவில் இருக்கிறது. பெங்களூரு ஏரிகளில் நன்றாகவே வேலை செய்தது. இலையில் சின்னச் சின்னச் சதுரமாகச் சுரண்டிய தழும்பு தெரிந்தால் வண்டு இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அதற்குச் சில வருடங்கள் பிடிக்கும். தவிர, அது கூட்டுப்புழுவாவது தண்ணீருக்குள் தொங்கும் வேரில். கோடையில் வற்றிப்போகும் நம் கண்மாய்களில் வேர் காய்ந்தால் வண்டின் வம்சமும் போச்சு. வற்றாத ஏரிக்கு விடுங்கள், மானாவாரிக் கண்மாயில் அதை நம்பி உட்காராதீர்கள்.

இத்தனையும் செய்து சாக்கடையை நிறுத்தாவிட்டால் பயனில்லை. சாக்கடையோடு தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) வந்துகொண்டே இருக்கும்வரை ஏதாவது ஒரு களை அதைத் தின்றே தீரும். வெங்காயத்தாமரை போனால் பொன்னாங்கண்ணி மாதிரியே இருக்கும் அயல் களை ஒன்று கரையோரம் பிடிக்கும். கழிவுநீரைச் சுத்திகரிப்பதுதான் வழி. அதுவரை வரத்துவாயில் வண்டல் படிய ஒரு குட்டை, அடுத்து முழங்கால் ஆழத்தில் சம்பும் நாணலும் நட்ட ஒரு சதுப்பு அமைக்கலாம். சம்பை வருடா வருடம் அறுத்து வெளியே எடுக்க வேண்டும். விட்டால் அது மடிந்து, உறிஞ்சிய சத்தையெல்லாம் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

சீரமைப்பு என்ற பெயரில் ஏரியைக் கிண்ணம் மாதிரித் தோண்டி, சுற்றிலும் கல் பதித்து நடைபாதை போடுவது எனக்குச் செடியை விடப் பெரிய கவலை. நாரையும் உள்ளானும் நின்று மேய்வது கணுக்கால், முழங்கால் ஆழத்தில். அந்தச் சரிவு போனால் பறவையும் போச்சு. கோரை, அல்லி, கொட்டி, நெய்தல் எல்லாவற்றையும் களை என்று சேர்த்து வழித்துவிடுவதும் நடக்கிறது. இலைக்கோழி மிதக்கும் இலைமேல்தான் முட்டையிடும். இறங்குவதற்கு முன் கூடு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்தத் திட்டைக் குஞ்சு பொரிக்கும்வரை விட்டுவைக்க வேண்டும்.

தண்ணீர் குறைந்திருக்கும் ஆடி, ஆவணியில் அள்ளும் வேலையை முடித்துவிட்டால், ஐப்பசி மழைக்குப் பிறகு பார்க்க வேண்டியது ஏரியின் நடுவை அல்ல, ஓரத்து ஈரச் சேற்றை. பழைய விதைகள் அங்கேதான் முளைக்கும். அப்போது இலை வட்டமாக இருக்காது, நாடா மாதிரி மெலிந்து நீண்டிருக்கும், வேர் மண்ணில் பிடித்திருக்கும். தண்ணீர் ஏறினால்தான் அது விடுபட்டு மிதக்கத் தொடங்கும். அதற்கு முன் ஊரக வேலைத் திட்டத்தில் வரும் பத்துப் பேர் வாரம் ஒருமுறை கரையைச் சுற்றி வந்து கையால் பிடுங்கினால் போதும்.