பிள்ளையின் படத்துக்குக் கீழே தொகை போட வேண்டாம்

கோலாலம்பூர் செந்தூலில் எனக்குத் தெரிந்த ஒரு நற்பணிக் குழு, ஆண்டு இறுதியில் நிதி திரட்டும் விருந்து வைக்கப் போகிறது. சிறார் இல்லங்களில் வளரும் ஓகேயூ (மாற்றுத்திறனாளி) பிள்ளைகளுக்குத் தத்துப் பெற்றோர் கிடைக்க உதவுவதுதான் நோக்கமாம். கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. நம் ஆட்கள் பெரும்பாலும் தீபாவளிக்கு முன்னால் அரிசி மூட்டை, மைலோ, முறுக்கு டின்னோடு ஓர் இல்லத்துக்குப் போவோம், பேனரைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வோம், திரும்பிவிடுவோம். அந்தப் பிள்ளைக்கு ஒரு வீடு அமைய வேண்டும் என்று யாராவது கிளம்பியிருப்பதே பெரிய விஷயம்.

ஆனால் வாட்சாப்பில் வந்த திட்டத்தைப் படித்தபோது இரண்டு விஷயங்கள் உறுத்தின.

ஒவ்வொரு பிள்ளையின் படத்தையும் போட்டு, கீழே இதுவரை இவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தொகையைக் காட்டுவார்களாம். இது அமெரிக்க யோசனை. அங்கே ரீசஸ் ரெயின்போ என்ற அமைப்பு, 2006 முதல் டவுன் சிண்ட்ரோம் உள்ள வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் நிதி சேர்த்து வந்திருக்கிறது. இன்னொரு நாட்டுப் பிள்ளையைத் தத்தெடுக்க அவர்களுக்குப் பல்லாயிரம் டாலர் செலவாகும். அதனால் அந்தப் பணத்துக்கு அங்கே வேலை இருக்கிறது.

இங்கே மலேசியாவில் கதை வேறு. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1952 தத்தெடுப்புச் சட்டப்படி, நீதிமன்றம் அனுமதித்ததைத் தவிர, தத்துக்காகப் பணமோ வெகுமதியோ கை மாறக் கூடாது. 2001 சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவு இன்னும் கறார். பாதுகாப்பில் எடுக்கப்பட்ட பிள்ளையை அடையாளம் காட்டும் பெயரோ படமோ வெளியிட்டால் 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். "முகத்தை மங்கலாக்கிடலாம் அண்ணே" என்றார் குழுவில் ஒரு தம்பி. சரி, பின்னால் இல்லத்தின் பெயர்ப் பலகை தெரிகிறதே? சட்டத்தை விடுங்கள். அந்தப் பையன் வளர்ந்த பிறகு ஒரு நாள் தன் படத்தைப் பார்ப்பான். பக்கத்தில் சிரிக்கிற பெண் பிள்ளைக்கு 8,000, தனக்கு 350 என்று இருந்தால் அவனுக்கு யார் பதில் சொல்வது?

இரண்டாவது விஷயம்தான் எனக்குப் பெரியது. பெற்றோர் கிடைத்ததும் திட்டம் முடிந்துவிடுகிறது. நீதிமன்றத்தின் தத்து ஆணையைக் கையில் வாங்கி, எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டால் அவ்வளவுதான். செலவு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி, பெருமூளை வாதம் உள்ள ஒரு பையனைத் தத்தெடுத்து வளர்க்கிறார்கள். பிளாட்டில் வீடு. லிஃப்ட் கெட்டுப் போனால் அப்பாதான் அவனைத் தூக்கிக்கொண்டு படி ஏற வேண்டும். அவன் கனம் கூடக் கூட அவருக்கு முதுகு போகிறது. அரசாங்கத்தின் பி.டி.கே. எனும் சமூக மறுவாழ்வு மையம் இருப்பது பெரிய ஆறுதல். ஆனால் பேச்சுப் பயிற்சிக்குத் தனியாரிடம் போனால் ஒரு தடவைக்கு நூறு வெள்ளிக்கு மேல். காலுக்குப் போடும் தாங்கு பட்டையை அவன் வளர வளர மாற்ற வேண்டும். டயப்பர் செலவு தனி. அம்மா தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டார். படுக்கையில் இருக்கும் ஓகேயூவைப் பராமரிப்பவர்களுக்கான உதவித்தொகை 2021இல் 350இலிருந்து 500 வெள்ளியாக உயர்ந்தது உண்மை. இந்தப் பையன் தவழ்கிறான் என்பதால் அது கிடைக்கவில்லை. ஓகேயூ பிள்ளைக்கான வருமான வரிக் கழிவு 2025 மதிப்பீட்டு ஆண்டு முதல் 8,000. வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இருந்தால்தானே அது உதவும்!

சொந்தக்காரர்கள் வேறு. "எடுத்ததுதான் எடுத்தீங்க, நல்ல பிள்ளையாப் பார்த்து எடுத்திருக்கலாமே" என்று விருந்துச் சாப்பாட்டில் வைத்தே சொன்னவர்கள் இருக்கிறார்கள். பையனின் அம்மாவான அந்த அக்காவிடம் என்ன உதவி வேண்டும் என்று கேட்டேன். பணத்தைச் சொல்வார் என்று நினைத்தேன். மாதத்தில் ஒரு நாள், பயிற்சி உள்ள ஒருவர் வந்து பையனைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். தம்பி மகள் கல்யாணத்துக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து போக முடியவில்லை.

"வசதி இல்லாதவன் ஏன் தத்தெடுக்கணும்?" என்று பின்னூட்டத்தில் யாராவது கேட்பீர்கள். வசதியானவர்கள் பெரும்பாலும் ஆரோக்கியமான பச்சைக் குழந்தைக்குத்தான் காத்திருக்கிறார்கள். ஓகேயூ பிள்ளையை எடுக்க முன்வருகிற சிலரையும் கணக்குப் பார்த்துத் திருப்பி அனுப்பினால், அந்தப் பிள்ளை இல்லத்திலேயே வளர வேண்டியதுதான்.

இன்னொன்று. இல்லங்களில் இருக்கும் எல்லோரும் அநாதைகள் அல்லர். உலக அளவில் ஐந்தில் நான்கு பேருக்காவது பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று சேவ் தி சில்ட்ரன் 2009இல் சொன்னது. பயிற்சிச் செலவுக்கும் ஒரு நாள் ஓய்வுக்கும் வழி இருந்திருந்தால், சில அம்மாக்கள் பிள்ளையை விட்டிருக்கவே மாட்டார்கள். அதனால் இந்த நிதியின் கதவைப் பெற்ற தாய்க்கும் திறந்து வைக்க வேண்டும் என்பேன்.

விருந்துக் குழுவினர் இதைப் படித்தால்: பிள்ளைகளின் படங்களை நீக்கிவிடுங்கள். பணத்தை யார் கையிலும் கொடுக்காமல், நீதிமன்ற ஆணை வந்த பிறகு பயிற்சி மையத்துக்கும் பராமரிப்பாளருக்கும் நேரடியாகக் கட்டுங்கள், அதையும் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு. ஒரு குடும்பத்துக்கு எத்தனை ஆண்டு கொடுப்பீர்கள் என்று விருந்து அழைப்பிதழிலேயே போடுங்கள். போட்டால் நான் ஒரு மேசை எடுக்கிறேன், நாற்காலிகளை நிரப்பும் பொறுப்பும் என்னுடையது.